நன்னூலாரும் ரோத்தானும்

கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது நம்மவர்க்கு இரண்டு நாக்குகள் உள. மேடையேறினால் ஆசிரியரைத் தெய்வத்தோடு ஒருங்கு வைத்துப் போற்றுவர். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலோ, "கண்ணை மாத்திரம் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே" என்று மனமுவந்து சொல்லி வருவர். முன்னது வாழ்த்து, பின்னது உத்தரவு. பள்ளிகளில் ஒழுங்கு குன்றிவிட்டது, ரோத்தானை மீண்டும் ஆசிரியர் கையிற் கொடுங்கள் என்னும் கூக்குரல் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அடிக்கடி எழுகின்றது. ஆகவே, இவ்விரண்டு நாக்குகளில் எது தமிழின் தேர்ந்த குரல் என்று ஆராய்வது வீண் வேலையன்று.

முதலிற் பழமொழிகளைப் பார்ப்போம். அடியாத மாடு படியாது என்கிறது ஒன்று. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்கிறது மற்றொன்று. இவை செவிக்கு இனியவை. ஆனால் பொருளை நிறுத்துப் பார்த்தால் எடை குறையும். மாட்டை அடித்துப் படியவைப்பது அது நமக்கு உழவேண்டும் என்பதற்காக. முருங்கையை ஒடிப்பது காய் நமக்கு வேண்டும் என்பதற்காக. இரண்டிலும் பயன் கொள்பவன் அடிப்பவனே. பிள்ளையின் கல்வியோ பிள்ளைக்கே உரிய பொருள். உவமை பொருந்தாத இடத்தில் அதைப் பற்றி நிற்கும் அறிவுரையும் பொருந்தாது. அன்றியும், இப்பழமொழிகளைச் சொல்பவர் எப்பொழுதும் கோல் பிடித்தவராகவே இருக்கக் காண்கிறோம். பால்மரக் காட்டிற் கங்காணியின் கைத்தடிக்கும் இதே நியாயந்தானே கற்பிக்கப்பட்டது? அதனை வெறுத்த நாம் பள்ளிக்கூடத்தில் மட்டும் அதனை விரும்புவது எங்ஙனம்?

இனி நன்னூலுக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இவ்விலக்கண நூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் பாடஞ்சொல்லும் முறையையும் விரித்துரைப்பது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கும் நல்லாசிரியனுக்கு உவமைகள். தோண்டினும் பொறுப்பது நிலம். ஒரு பக்கம் சாயாதது துலாக்கோல். ஆசிரியராகத் தகாதாரைச் சொல்லும் இடத்தில், பொறாமையும் பேராசையும் வஞ்சகமும் உடையாரோடு, கேட்போர் அஞ்சும்படி பேசுவாரையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார். அச்சுறுத்துபவன் கடுமையான ஆசிரியன் என்று அவர் கூறவில்லை. ஆசிரியனே அல்லன் என்கிறார்.

மாணாக்கர்க்கும் அவர் விலங்குகளை உவமை கூறுகிறார். கடைப்பட்ட மாணாக்கரை ஆட்டோடும் எருமையோடும் ஒப்பிடுகிறார். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆடு ஓரிடத்தில் நில்லாது இங்கும் அங்கும் மேய்வதும், எருமை நீரைக் கலக்கிக் குடிப்பதும் அவர் கண்ணிற் படுகின்றன. அவற்றை எப்படி அடித்து ஓட்டுவது என்பது படவில்லை. பழமொழி மாட்டின் முதுகைப் பார்க்கிறது. நன்னூல் அது தின்னும் வகையைப் பார்க்கிறது. பாடஞ்சொல்லும் முறை முழுவதிலும் கோலுக்கு இடமில்லை. ஆசிரியன் அவசரப்படலாகாது, சினங்கொள்ளலாகாது, முகமலர்ச்சியோடு, கொள்பவன் எவ்வகையாற் கொள்வான் என்பதறிந்து கொடுக்கவேண்டும் என்பதே அவர் கட்டளை. இதில் வரிசையை நோக்குக. அவசரமின்மை முன்னே நிற்கிறது. சினமின்மை பின்னே வருகிறது. முன்னது கெட்டால் பின்னது நிலைக்காது என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர்.

நிற்க. நன்னூலாரை முழுவதும் ஒப்புக்கொள்ள நம்மால் இயலாது. ஆசிரியனுக்கு வேண்டுவனவற்றிற் குலத்தையே முதலில் வைக்கிறார், இது தள்ளத்தக்கது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. யாருக்குக் கற்பிக்கலாம் என்னும் பட்டியலில் தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விரைந்து பற்றிக்கொள்பவன் ஆகியோர் வருகின்றனர். கற்பிக்கத் தகாதார் பட்டியலிலோ நோயாளி, சினமுடையவன், தூங்குபவன், மந்தமானவன், பழைய நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவன் எல்லாரும் வெளியே நிறுத்தப்படுகின்றனர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட எழுந்த நூல் இது. பொறுக்கியெடுத்த சிலருக்குப் பாடஞ்சொன்ன காலத்து நூல். பொறுக்கியெடுத்த சிலர்முன் சினங்கொள்ளாதிருப்பது அரிதன்று.

நம் பள்ளிகளின் கதை இந்த இரண்டாம் பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பாடசாலை வைக்கவேண்டும் என்றது. சட்டம் பாடசாலையைக் கேட்டது. நிர்வாகம் ஒரு கொட்டகையைக் கொடுத்தது. கிராணியோ மருந்து கொடுப்பவரோ கங்காணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியாரான தோட்டங்கள் உண்டு. முழுநேர வாத்தியார் இருந்த இடத்திலும், பல வகுப்புகளை ஒருவரே ஓரறையில் வைத்து நடத்த நேர்ந்தது. அவர் ஊதியம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குப் போக, தாமும் எழுந்து தம்பி தங்கையரை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலகையின்மேல் தலைசாய்த்துத் தூங்கினர். நன்னூலார் வெளியே நிறுத்திய தூங்குபவன் இவனே. நோயாளியும் மந்தனும் தடுமாறுபவனும் இவன் பக்கத்தில் இருந்தவர்களே. இவர்களையெல்லாம் உள்ளே அழைத்தது பெரிய அறம். ஆனால் அறத்துக்கு வேண்டிய காலத்தையும் துணையையும் ஆசிரியருக்கு எவரும் கொடுக்கவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே துணையாசிரியர் ரோத்தான்.

இந்த அவசரம் தோட்டத்தோடு ஒழிந்ததா? இல்லை. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. 1980-களிலும் 1990-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புத் திடல்களாயின. லயத்து மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினர். கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பள்ளியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். நாடெங்கும் உள்ள தமிழ்ப்பள்ளிகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றிலோ நூற்றைம்பதுக்கும் குறைவு. ஓரிடத்தில் நெரிசல், வேறோரிடத்தில் கூட்டு வகுப்பு. லயத்தில் அயலார் கண்ணில் வளர்ந்த பிள்ளை, அடுக்குமாடியில் எவர் கண்ணிலும் படாமல் வளர்கிறான். பெற்றோர் இருவரும் ஆலையில் முறைவேலைக்குப் போகின்றனர். அன்று விடியலில் எழுந்ததால் தூங்கியவன், இன்று இரவு விழித்ததால் தூங்குகிறான்.

இதன்மேல் தேர்வு. இங்கிலாந்தில் 1862-இல் தேர்வுப் பயனுக்கேற்ற மானியம் என்னும் திட்டம் புகுந்தபொழுது, பள்ளிக் கண்காணிப்பாளராயிருந்த மாத்யூ ஆர்னால்டு என்னும் கவிஞர், கல்வி எந்திர வேலையாகிவிடும் என்று எதிர்த்தார். நாமோ யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரையில் ஏழு ஏ, பின்னர் எட்டு ஏ என்று எண்ணிக்கொண்டிருந்தோம். நெகிழித்துணியில் படம் அச்சிட்டு வாயிலில் மாட்டினோம். ஏ வாங்காத பிள்ளைக்கு அந்த வாயில் என்ன சொல்லியிருக்கும்? 2011-இல் தொடங்கிய பள்ளிசார் மதிப்பீடு இந்த ஓட்டத்தைத் தணிக்க வந்தது. ஆனால் பதிவுகளும் பாரங்களும் ஆசிரியரைப் பழைய தோட்டத்துக் கிராணியாகவே மீண்டும் ஆக்கின. கணினிமுன் குனிந்திருக்கும் ஆசிரியர் பிள்ளையின் முகத்தை எப்பொழுது பார்ப்பார்?

ரோத்தான் வழக்கின் இருதரப்பையும் இந்த வெளிச்சத்தில் எடைபோடலாம். இந்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள், ஆண்பிள்ளைகளை மட்டும், மெல்லிய பிரம்பால், தலைமையாசிரியரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மட்டுமே அடிக்கலாம் என்று வரையறுத்தன. இங்கிலாந்து 1986-இன் சட்டத்தால் அரசுப் பள்ளிகளில் அடியை நீக்கிற்று. இந்தியா 2009-இன் கல்வியுரிமைச் சட்டத்தால் தடுத்தது. அடியைத் தடுத்தது நன்றே. ஆயினும், தடுத்துவிட்டு வகுப்பைச் சுருக்காமலும், எழுத்து வேலையைக் குறைக்காமலும், பிள்ளையின் மனமறிந்து பேசும் ஆலோசக ஆசிரியரைச் சிறு பள்ளிகளுக்கும் தராமலும் விட்டால், ஆசிரியர் வெறுங்கையராய் நிற்கிறார். ஒரு பெற்றோர் தோலை உரி என்கிறார். மற்றொருவர் அதட்டியதற்கே போலீசுக்கு ஓடுகிறார். கைப்பேசி எந்நேரமும் படம் பிடிக்கக் காத்திருக்கிறது. இந்நிலையில் பல ஆசிரியர் கண்டும் காணாதவராய் இருந்துவிடுவது வியப்பன்று. அடிக்கும் ஆசிரியரால் வரும் தீங்கு வெளியே தெரியும். கண்டுகொள்ளாத ஆசிரியரால் வரும் தீங்கு பத்தாண்டு கழித்துத் தெருமுனையில் தெரியும். ரோத்தானைத் திரும்பக் கேட்பவரும், அதை ஒழித்ததோடு கடமை முடிந்தது என்பவரும், ஆசிரியருக்குக் காலம் கொடாமையில் ஒன்றுபடுகின்றனர்.

ஆகவே நன்னூலைப் பாதி வாங்கிப் பாதி தள்ளுவோமாக. தள்ளவேண்டுவது குலமும், தகாதார் பட்டியலும். வாங்கவேண்டுவது அவசரமின்மையும் சினமின்மையும், அதே வரிசையில். தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள பெற்றோர் செய்யத்தக்கவை சில. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வெற்றிக்கோப்பைக்குப் பணம் தண்டுமுன், ஆசிரியரின் எழுத்து வேலையைக் குறைக்கும்படி கல்வி இலாகாவுக்கு மனுச் செய்க. பிள்ளை தண்டனை பெற்றான் என்று கேள்விப்பட்டால், காவல் நிலையத்துக்குப் போகுமுன் வகுப்பாசிரியரைப் போய்க் காண்க. பள்ளி வாயிலில் தோலை உரிக்கச் சொல்லும் அந்த வாக்கியத்தை இனி எவரும் சொல்லற்க. அதற்குப் பதிலாக, "இவன் இரவில் தூங்குவதில்லை, வீட்டில் இன்ன தொல்லை இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்தல் நன்று. கொள்வோன் எவ்வகையாற் கொள்வான் என்பதை ஆசிரியர் அறியவேண்டுமானால், அதை அவருக்கு முதலிற் சொல்லவேண்டியவர் பெற்றோரேயன்றோ?