இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்குள் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரு படத்தைப் பார்த்திருப்பார்கள். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், மலையடியில் தொடங்கி வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலு பறவை. கண்காட்சிகளைப் பற்றி எழுதுகிறோம், நவீன ஓவியர்களைப் பற்றி விவாதிக்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கையால் போட்ட ஒரே ஓவியம் இதுதான். இதை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் சொல்ல வேண்டியது, இது பார்த்து வரைந்த படம் அல்ல. திருவாரூர்ப் பக்கம் மலைக்கு எங்கே போவது? ராமநாதபுரத்தில் கண்ணுக்கு எட்டுவது கருவேலமும் கண்மாய்க்கரையும்தான். அங்கேயும் பிள்ளைகள் இதே இரண்டு மலையைப் போடுகிறார்கள். தொகுப்பு வீட்டிலோ ஒண்டுக் குடித்தனத்திலோ வாழும் பிள்ளையும் ஆற்றங்கரைக் குடிசையைத்தான் போடுகிறது. ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையனிடம், "உங்க வீட்டை வரையேன்டா" என்றேன். "அது நல்லா இருக்காது சார்" என்றான். வரைய வராது என்று அவன் சொல்லவில்லை. தன் வீடு படத்துக்கு லாயக்கில்லை என்கிறான். அந்தப் படம் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது இதைத்தான்.

இந்தப் பழக்கத்தின் வேர் கொஞ்சம் ஆழமானது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கலைக்கல்வி, அளவு பிசகாமல் கோடு போடும் கையை உருவாக்க நினைத்தது. மாதிரியைப் பார், அப்படியே எடு. சென்னைக் கலைப்பள்ளி பின்னாளில் ராய் சௌத்ரி, பணிக்கர் காலத்தில் வேறு திசைக்குப் போய்விட்டது. 1966-இல் சோழமண்டலம் வந்தது. ஆனால் அங்கே நடந்த மாற்றம் பள்ளிக்கூட டிராயிங் வகுப்புக்கு வந்து சேரவில்லை. நம்முடைய டிராயிங் மாஸ்டர்கள் லோயர், ஹையர் என்று எழுதி வந்த அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் மாதிரியைப் பார்த்துக் கோடு பிசகாமல் எடுக்கும் பயிற்சிக்குத்தான் மதிப்பு. மாஸ்டர் போர்டில் போட்டார், பிள்ளைகள் நோட்டில் போட்டார்கள்.

நகலெடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கோலமும் நகல்தான். அம்மா வைத்த புள்ளியைப் பார்த்துத்தான் மகள் வைக்கிறாள். ஆனால் அவள் தினமும் போடுகிறாள், பக்கத்தில் ஒருத்தி நின்று "இந்தச் சுழியை இப்படித் திருப்பு" என்று சொல்கிறாள். இரண்டு மார்கழி போனால் அவளே ஒரு கோலத்தைக் கட்டிவிடுவாள். நகலிலிருந்து சொந்தக் கோட்டுக்குப் போக இரண்டு விஷயம் வேண்டும்: நேரம், பக்கத்தில் நிற்க ஒரு ஆள். இரண்டும் இல்லாத இடத்தில், ஒரே பீரியடில் வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்து முடிக்கக்கூடிய படம் எதுவோ அதுதான் மிஞ்சும். இரண்டு மலையும் ஒரு சூரியனும் அப்படி மிஞ்சிய படம்.

அந்த ஆளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. கணக்குக்கும் மொழிக்கும் முழுநேரம், கலைக்குப் பகுதிநேரம் என்று சட்டமே பிரித்துவிட்டது. இதன் தொடர்ச்சியாக 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருடம் கழித்து, 2024-இல் அது 12,500 ஆனது. நடுவில் எத்தனை போராட்டங்கள்!

இவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மூணு அரை நாள் போறேன் சார். அதுல டிராயிங் பீரியடை மேத்ஸ் சார் கேட்டு வாங்கிக்குவார். போர்ஷன் முடியலைனு சொன்னா என்ன பண்றது? மிச்ச நேரத்துக்கு எமிஸ் என்ட்ரி போடச் சொல்வாங்க." கணக்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மார்க். அதில் ஓவியத்துக்கு இடம் கிடையாது. 2005-இன் தேசியக் கலைத்திட்டம் பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று எழுதியது. கால அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நடப்பது என்னவோ கணக்கு.

"ஏன், கலைத் திருவிழா நடக்கிறதே?" என்று கேட்கலாம். 2022-இலிருந்து நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள், கலையரசன், கலையரசி பட்டங்கள். பெரிய மேடையே பார்த்திராத பிள்ளைகள் அதில் ஏறியதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் போட்டி, ஏற்கனவே ஆடத் தெரிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்கும். தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவது அதன் வேலை இல்லை. நான் பார்த்த பள்ளிகளில் போட்டிக்கு முந்தைய சில வாரங்கள் ஒத்திகை, நன்றாக ஆடும் பத்துப் பேர், மற்றவர்கள் கைதட்ட. விழா முடிந்ததும் கலையும் முடிந்தது. தாத்தாவிடமோ ஊர்க் குழுவிடமோ பறையடிக்கக் கற்ற பையன் பரிசு வாங்கினால் பள்ளிக்குப் பெருமைதான். அவனுக்குப் பள்ளி என்ன கொடுத்தது?

படிப்பே வராதபோது படம் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதே பிள்ளைகள் எழுதும் 'எங்கள் ஊர்' கட்டுரையைப் புரட்டிப் பாருங்கள். பசுமையான வயல்கள், சலசலக்கும் ஓடை, அன்பான மக்கள். அந்த ஊரின் தண்ணீர் லாரியோ மூடிக்கிடக்கும் தீப்பெட்டி ஆபீஸோ அதில் இருக்காது. இதுவும் இரண்டு மலைப் படம்தான், எழுத்தில். தன் தெருவைப் பார்த்து வரையப் பழகாத கை அதை எழுதவும் தயங்குகிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சாயங்காலம் கீபோர்டு கிளாஸ், டிராயிங் கிளாஸ் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு பீரியட்.

வழி தெரியாத விஷயமும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பல ஆண்டுகள் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பிள்ளைகள் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். அங்கே கலை அன்றாட வேலை, விழா நாள் சமாச்சாரம் அல்ல. எல்லாப் பள்ளியையும் குருகுலம் ஆக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதமும் சம்பளம் வாங்கும் முழுநேர ஓவிய, இசை ஆசிரியர் வேண்டும். ஊரில் இருக்கும் கூத்துக்காரருக்கும் பறைக் கலைஞருக்கும் பொன்னாடைக்குப் பதிலாக வாரம் ஒரு வகுப்பும் ஊதியமும் தர வேண்டும். காகிதமும் வண்ணமும் பள்ளிச் செலவில் வர வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் சிலராவது அரசுப் பள்ளியின் பெற்றோராகவோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவோ இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசி முடித்ததும் கால அட்டவணையை எடுத்துவரச் சொல்லுங்கள். ஓவியம் என்று எழுதியிருக்கும் கட்டத்தைக் காட்டி, போன வாரம் இந்த நேரத்தில் வகுப்பில் இருந்தது யார் என்று கேளுங்கள்.