‘ஆதல்’ பொருளில் ஸ்பானிய வினைகள்

மாற்றத்தைக் குறிக்க இலத்தீனில் வழங்கிய ‘ஃபியெரி’ என்ற வினை ஸ்பானியத்தில் நிலைக்கவில்லை. அதன் இடத்தை வேறெந்த ஒற்றை வினையும் பிடிக்கவுமில்லை. ‘தொர்னார்சே’ இன்று எழுத்து நடையோடு ஒதுங்கிவிட, வைத்தல், திரும்புதல், செய்தல், தங்குதல் என்னும் பொருளுடைய வினைகளிலிருந்து பிறந்த ‘போனெர்சே’, ‘வோல்வெர்சே’, ‘அசெர்சே’, ‘கெதார்சே’ ஆகிய நான்கும் அப்பொருளைப் பெரும்பாலும் பங்கிட்டுக்கொண்டன. எழுவாயை ஒரு பண்போடு இணைப்பதோடு மாற்றம் என்ற பொருளையும் ஏற்றுவதால், இலக்கணிகள் இவற்றை அரை இணைப்பு வினைகள் என்பர். ஆங்கிலத்தின் ‘பிகம்’ என்ற ஒரே சொல்லை ஸ்பானியத்தில் பெயர்ப்பவர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பாடநூல்கள் தரும் விதி எளியது: சட்டென்று மாறும் மனநிலைக்கும் உடல்நிலைக்கும் போனெர்சே, இயல்பே மாறினால் வோல்வெர்சே, முயன்று அடையும் தொழிலுக்கும் செல்வத்துக்கும் அசெர்சே, இழப்புக்குப் பின் எஞ்சும் நிலைக்குக் கெதார்சே. பார்வையிழத்தலும் கைம்மையும் கெதார்சேயோடு வருவதை இவ்விதி விளக்குகிறது. ஆனால் கருவுறுதலும் அதே வினையோடு வருவதையோ, எவரும் முயன்று அடையாத முதுமை அசெர்சேயோடு வருவதையோ அதனால் விளக்க இயலவில்லை. பொழுது சாய்ந்து நேரமாகிவிட்டது என்பதற்கும் அசெர்சேதான். பொழுதுக்கு ஏது முயற்சி?

அமெரிக்க ஸ்பானிய ஆசிரியர்களின் ‘இஸ்பானியா’ இதழில் 1949இல் லூயிஸ் கிரெஸ்போ எழுதிய சிறு கட்டுரை தொடங்கி, இவ்வினைகள் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் விதிகளைச் செம்மைப்படுத்துவதிலேயே சுழன்றது. ஜோன் பைபீயும் டேவிட் எடிங்டனும் 2006இல் ‘லாங்குவேஜ்’ இதழில் வெளியிட்ட ஆய்வே கேள்வியைத் திருப்பிப் போட்டது எனலாம். பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் தொடர்களைத் திரட்டிய அவர்கள், பேசுவோர் பொதுவிதியைக் காட்டிலும் அடிக்கடி கேட்ட தொடர்களையே பற்றிக்கொள்கின்றனர் என்று வாதிட்டனர். ‘தனித்தல்’ கெதார்சேயோடு வழங்குவதால், துணையிழத்தல், ஒதுக்கப்படுதல் போன்ற அண்டைப் பொருள்களும் அதே வினையை நாடுகின்றன. அத்தகைய நெருக்கமுடைய அரிய தொடர்களை, நெருக்கமற்றவற்றைவிட இயல்பானவை என்று ஸ்பானியம் பேசுவோர் மதிப்பிடவும் செய்தனர். லீசே வான் கோர்ப்பின் 2017ஆம் ஆண்டு நூல் உட்படப் பிற்கால ஆய்வுகள், ஒவ்வொரு வினைக்கும் அதன் மூலப்பொருளிலிருந்து விளையும் ஒழுங்கு உண்டென்று காட்ட முயல்கின்றன. இரண்டும் முரண்படுவனவல்ல எனினும், மொழிபெயர்ப்பாளருக்கு முன்னதே கைகொடுக்கும்; விதியை மட்டும் நம்புபவர் பிழையற்ற, ஆனால் எவரும் சொல்லாத தொடர்களை எழுதிவிட நேரும்.

பண்புப்பெயரிலிருந்தே பிறந்த வினைகள் சில இடங்களில் இத்தேர்வையே தவிர்க்கச் செய்யும். முதுமையடைதலுக்கு ‘என்வெஹெசேர்’ உண்டு. ஆனால் செல்வம் சேர்தலைக் குறிக்கும் ‘என்ரிகெசேர்சே’, முறைகேடான சொத்துக்குவிப்பைச் சுட்டும் சட்டத்தொடரிலும் புழங்குவதால், உழைத்து முன்னேறியவருக்கு அசெர்சேயே தகும். போருக்குப் பின் ஒருவன் பேச்சடங்கினான் என்னும் ஆங்கில வாக்கியத்தில் கெதார்சேயை இட்டால் அவன் அக்கணத்தில் வாயடைத்து நின்றான் என்றாகும். வோல்வெர்சேயை இட்டால் அன்றுமுதல் அவன் வாய்பேசாத சுபாவத்தினன். ஆங்கில ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்டதை இங்கே மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்கிறார்.