அணிக்கலையிற் பொருளும் தொழில்முறையும்

அணிக்கலையின் வடிவங்கள் கைவினைஞர் ஆளும் பொருளினின்றும் தொழில்முறையினின்றும் தோன்றுவன என்னும் கருத்தை ஜெர்மானிய அறிஞர் கொட்பிரீட் செம்பர் 1860ஆம் ஆண்டு தொட்டு வெளியிட்ட பெருநூலில் விரித்துரைத்தார். அவர் வழிவந்தோர் அதனை ஒரு பொறிவிதி போலாக்கினர். அன்னோரை 1893இல் மறுத்தெழுந்தவர், வியன்னா நூதனசாலையொன்றில் நெசவுப் பொருள்களுக்குப் பொறுப்பாயிருந்த அலோய்ஸ் ரீகல். வடிவத்தைப் பிறப்பிப்பது மனிதனது கலைவேட்கையே. பொருள் அவ்வேட்கைக்கு உராய்வாய் நிற்பது என்பது அவர் துணிபு. துணியோடு நாளும் பழகியவரே இவ்வாறு கூறியது வியப்பன்றோ!

இவ்வழக்கை ஆராய்தற்குப் பாண்டிருப்பும் அதன் சூழலும் மிகவும் ஏற்றவை. வடக்கே அடுத்துள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்பெற்ற முஸ்லிம் ஊர். தறியிற் பாவு நெடுக்கே செல்ல, ஊடை குறுக்கே செல்லும். ஆதலின் கோடும் கட்டமும் எளிதில் அமையும். வளைவு எளிதில் அமையாது. கட்டச் சாரமொன்றை ஊன்றி நோக்குக. சிவப்பு, நீலம் என்னும் இருநிற நூல்களைப் பாவிலும் ஊடையிலும் மாறிமாறி அமைத்தால் துணியில் மூன்று நிறங்கள் தோன்றும். மூன்று நிற நூலாயின் ஆறு தோன்றும். சிவப்பும் நீலமும் ஊடறுக்குமிடத்துக் காணும் ஊதாச் சாயல் எந்தச் சாயத் தொட்டியிலும் இருந்ததன்று, நெய்தலாற் பிறந்தது. அதே கட்டத்தை அச்சிற் பதித்த துணியும் சந்தையிலுண்டு. அதனைப் புரட்டினால் மறுபுறம் வெளிறிக் கிடக்கும். நெய்த கட்டமோ துணியின் உடம்பேயாகி இருபுறமும் ஒன்றாய் விளங்கும். வடிவம் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றையே உணர்த்துவனவல்ல.

ஆயின் ரீகலின் கூற்றை முற்றும் தள்ளிவிடுதல் தகாது. சாயமிட்ட பன்னாற் பாய் இழைப்பவள் கோடுகளோடு அமைந்துவிடலாம். அவளோ பறவையையும் விரும்புகின்றாள். அவ்விருப்பம் பன் தந்ததன்று. அப்பறவையின் கழுத்து வளையாது படிபடியாய் ஏறுவது பன்னின் செயல். அதனை உராய்வால் நேர்ந்த குறையென்பது பொருந்தாது. பாய்ப்பறவைக்கு அதுவே அழகு.

பாண்டிருப்பிலே திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புப் புகழ்வாய்ந்தது. இத்தகைய கோயில் விழாக்களுக்குக் கட்டும் குருத்தோலைத் தோரணத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். குருத்து மென்மையானது, கீறவும் மடிக்கவும் இசைவது, கிளியும் பூவும் அம்மடிப்பினின்றே எழுவன. சின்னாளில் அது வாடிப் பழுப்பாகும். ஆதலின் ஒவ்வொரு விழாவுக்கும் ஊரார் கூடிப் புதிதாய் வெட்டிக் கட்டல் வேண்டும். இன்று விற்கும் பிளாஸ்டிக் தோரணம் அவ்வடிவத்தையே கொண்டு, சிக்கனமென்னும் பெயரால் இடம் பிடிக்கின்றது. விழா முடிந்து திங்கள் பல சென்ற பின்னரும் அது நிறம் மாறாது தொங்கும். இன்று திருநாள் என்று அதனாற் சொல்ல இயலாது.