ஹார்னின் பல பாணிகளும் ஒரு பாடநூலும்

மேற்கத்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் ஹார்ன் வாசிப்பவரின் நாற்காலியைப் போல நெஞ்சைப் படபடக்க வைக்கும் இடம் வேறில்லை. எஃப் சுருதி ஹார்னின் சுருண்ட குழாயை நீட்டி அளந்தால் ஏறத்தாழ 3.7 மீட்டர் வரும். வழக்கமான டிரம்பெட்டுக்கு 1.4 மீட்டர்தான். இவ்வளவு நீண்ட குழாயில் மேலே ஏற ஏற, உதட்டால் மட்டுமே எழுப்பக்கூடிய ஸ்வரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. உதடு மயிரிழை பிசகினால் பக்கத்து ஸ்வரம் வந்து விழும்; கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது கேட்டுவிடும். இந்த ஆபத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாக எதிர்கொண்டது. ஹார்ன் பாணிகள் பலவாகப் பிரிந்ததற்கு அது முக்கியக் காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டு டிரெஸ்டனில் ஹார்ன் கலைஞர் ஹாம்பல், ஹார்னின் விரிந்த வாய்க்குள் வலக்கையை நுழைத்து, குழாயில் இயல்பாகக் கிடைக்காத ஸ்வரங்களை வரவழைக்கும் முறையைச் செப்பம் செய்தார். அவரிடம் கற்ற பூண்டோவுக்காகத்தான் பேத்தோவன் 1800-இல் ஹார்ன் சொனாட்டா எழுதினார். பின்னர், விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு வந்தது. ஸ்டோல்ட்ஸலும் புளூமலும் பிரஷ்யாவில் அதற்குக் காப்புரிமை பெற்றது 1818-இல். ஆனாலும் எல்லோரும் உடனே அதன் பக்கம் சாய்ந்துவிடவில்லை. பிராம்ஸ் 1865-இல் தம் ஹார்ன் டிரியோவை வால்வு இல்லாத ஹார்னுக்கென்றே எழுதினார். பாரிஸ் கன்சர்வத்வாரில் கை ஹார்ன் வகுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தது.

வியன்னாக்காரர்கள் வால்வை ஏற்றார்கள், நீண்ட எஃப் குழாயை விடவில்லை. சறுக்கும் அபாயம் அதில் அதிகம் என்று தெரிந்தும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்த இழைவுக்காக அபாயத்தைச் சுமந்தார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இரண்டாம் ஹார்ன் கச்சேர்ட்டோவை 1943-இல் சால்ஸ்பர்க்கில் முதன்முதலாக வாசித்த காட்ஃப்ரீட் ஃபான் ஃப்ரைபர்க் அந்த வழியில் வந்தவர். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் வாசித்துக்கொண்டே மாணவர்களையும் உருவாக்கியவர்.

ஜெர்மானியர்கள் வேறு வழி கண்டார்கள். எர்ஃபுர்ட்டின் குருஸ்பே பட்டறையில் 1897-இல் இரட்டை ஹார்ன் பிறந்தது. கட்டைவிரலால் ஒரு வால்வை அழுத்தினால் எஃப் குழாய்க்குப் பதிலாகக் குறுகிய பி ஃபிளாட் குழாய் கிடைக்கும். மேல் ஸ்தாயியில் ஸ்வரங்களுக்கு இடையே சற்று இடம் விடும். ரஷ்யாவும் பிரான்சும் ஸ்வரத்தை மெல்ல அதிரவிட்டுப் பாடகரைப்போல ஊதின. போல்ஷோய் அரங்கின் வலேரி போலெக்குக்காக கிலியேர் எழுதி 1951-இல் அரங்கேறிய கச்சேர்ட்டோவைப் போலெக்கின் ஒலிப்பதிவிலேயே கேட்க வேண்டும். அந்த அதிர்வை நீக்கிவிட்டால் அந்த இசையில் பாதி போய்விடும். லண்டனில் டென்னிஸ் பிரெயின் குறுகலான பிரெஞ்சு ஹார்னில் பேர் வாங்கி, 1950-களில் ஜெர்மன் அலெக்ஸாண்டர் ஹார்னுக்கு மாறினார். 1957-இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 36.

அமெரிக்காவில் இவை எல்லாம் கலந்தன. சிகாகோவில் 1914-இல் பிறந்த ஃபிலிப் ஃபார்க்கஸ் பெல்ஜியத்திலிருந்து வந்த லூயி டுஃப்ரானிடம் கற்றவர். இருபத்திரண்டாவது வயதில், 1936-இல், சிகாகோ சிம்பொனியின் முதல் ஹார்ன் ஆனார். பிறகு கிளீவ்லாந்து, பாஸ்டன் என்று சுற்றிவிட்டு சிகாகோவுக்கே திரும்பினார். ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய ஆண்டுகளில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வாத்தியப் பிரிவு உலகப் புகழ் பெற்றது. டிரம்பெட்டில் அடால்ஃப் ஹெர்செத், டியூபாவில் ஆர்னால்டு ஜேக்கப்ஸ், ஹார்னில் ஃபார்க்கஸ். 1954-இல் பதிவான ஸ்ட்ராஸ் இசைத்தட்டுகளை இன்றும் மாணவர்கள் தேடிக் கேட்கிறார்கள்.

அந்த உச்சத்தில், 1960-இல், அவர் ஆர்கெஸ்ட்ராவை விட்டு இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வயது 46, உதடு தளர்ந்துபோகும் வயதல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1956-இல், ஹார்ன் வாசிப்புக் கலை பற்றிய அவருடைய நூல் வெளிவந்திருந்தது. பெரும்பாலான ஆசான்கள் தாம் ஊதிக் காட்டி, 'இப்படி ஊது' என்று சொல்லிக்கொடுத்த காலம் அது. மவுத்பீஸ் மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கு அமரவேண்டும், வாயின் ஓரங்கள் எப்படி இறுகவேண்டும், வலக்கை உள்ளே எவ்வளவு போகவேண்டும், காலையில் எந்தப் பயிற்சியோடு தொடங்கவேண்டும் என்று படங்களோடு அவர் விளக்கினார். ஹோல்ட்டன் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த இரட்டை ஹார்ன் பள்ளிக்கூட பேண்டுகள் வரை போய்ச் சேர்ந்தது. வியன்னாவையோ பாரிஸையோ எட்டிப்பார்க்க வழியில்லாத சிற்றூர் மாணவனுக்கும் இதனால் ஒரு பிடிமானம் கிடைத்தது. ஃபார்க்கஸின் ஆகப்பெரிய தொண்டு இதுவே என்பேன்.

ஆனால் நான் அவரை வணங்குவது வேறொன்றுக்காக. பித்தளை வாத்தியங்கள் பற்றி 1962-இல் எழுதிய நூலில், கீழ்த்தாடையைச் சற்று முன்னே தள்ளினால் காற்று மவுத்பீஸுக்குள் நேராகப் போகும், அதுவே சரி என்று ஃபார்க்கஸ் வாதிட்டிருந்தார். பிறகு நாற்பது தேர்ந்த ஹார்ன் கலைஞர்களின் உதட்டமைப்பைப் படம்பிடித்து ஆராய்ந்தார். ஏறக்குறைய எல்லோரும் காற்றைக் கீழ்நோக்கியே செலுத்தினார்கள். அந்தப் படங்களை 1970-இல் நூலாகவே வெளியிட்டுத் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். அதற்குள் பல்கலைக்கழக வகுப்புகளில் அவருடைய சொல் சட்டமாகியிருந்தது. பேசாமல் இருந்திருந்தால் கேட்பார் யாருமில்லை. தம் மாணவர்களின் உதட்டுக்கு எது நல்லது என்பதைத் தம் பெயரைவிட மேலாக அவர் வைத்தார்.

அந்தப் படங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். நாற்பது வாய்களும் நாற்பது விதம். பாடநூலைச் சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் இதைப் பார்க்கத் தவறினார்கள். திரைக்குப் பின்னே நடக்கும் ஆர்கெஸ்ட்ரா தேர்வில் பிசகாத ஸ்வரத்துக்கு முதலிடம் கிடைத்தது. இரட்டை ஹார்ன் எங்கும் பரவியது. ரஷ்ய அதிர்வும் பாரிஸின் மெல்லிய நாதமும் மங்கிப்போயின. நுட்பத்தின் தரம் உயர்ந்தது உண்மை. 1940-களில் சிலருக்கே கைவந்தவற்றை இன்று இளநிலை மாணவர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் எந்த ஊர் ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வது கடினமாகிவிட்டது. வியன்னா மட்டும் தன் ஒற்றை எஃப் ஹார்னை இன்னும் கைவிடவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஹார்ன் கற்பிப்பவர்கள் ஃபார்க்கஸின் 1956 நூலோடு 1970-இன் படநூலையும் மாணவர் கையில் சேர்த்தே கொடுக்கவேண்டும். முதல் ஆண்டிலேயே வால்வில்லாத ஹார்னை ஊதவைக்கவேண்டும். போலெக்கையும் ஃப்ரைபர்க்கையும் பிரெயினையும் அடுத்தடுத்துக் கேட்கவைக்கவேண்டும். எந்த ஒலி தனக்கு வேண்டும் என்று மாணவர் தெரிந்துகொண்ட பிறகு, அதற்கேற்ற உதட்டை அமைப்பதற்கு ஃபார்க்கஸின் பக்கங்கள் இருக்கவே இருக்கின்றன.