எழுதி வைப்பதும் பாடி விடுவதும்

இலங்கையின் வடகரையில் உள்ள யாழ்ப்பாணத்திலும் சென்னையின் வடகோடியில் உள்ள மணலியிலும் ஜனங்கள் பேசுவது தமிழே; பெரும்பாலோர் வணங்குவது சிவனையும் முருகனையும் அம்மனையுமே; இறந்தவர் பொருட்டுச் செய்யும் அபரக்கிரியைகளின் உத்தேசமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும், பக்தியோடும் பரிவோடும் வாழ்ந்து முடிந்த ஒரு தாத்தாவைப் பற்றி அவருடைய கொள்ளுப்பேரனுக்கு என்ன தெரியும் என்று விசாரித்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு விதமான விடையும் மணலியில் வேறு விதமான விடையும் கிடைக்கும். அங்கே ஞாபகம் ஏட்டில் ஏறுகிறது. இங்கே குரலில் ஏறுகிறது. அந்த வேற்றுமையைச் சற்று நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் மரணம் நேர்ந்தால், செய்தி பத்திரிகையின் மரண அறிவித்தல் பகுதிக்குப் போகும். இலங்கை வானொலி அவ்வறிவித்தல்களை வாசித்த காலத்தில் ஊரார் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்ததுண்டு. பிரேதத்தின் அருகே திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணத்தைப் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்னும் கிரியை நடக்கும். அதற்குக் கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி பிரசித்தமான தலம். 1990இல் போர் காரணமாகக் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தபின் அங்கே போவது பல ஆண்டுகள் அரிதாயிற்று; வழி திறந்ததும் மக்கள் மறுபடியும் அந்த நீரையே நாடினார்கள்.

அந்தியேட்டியை ஒட்டி வீட்டில் நடைபெறும் கிருத்தியத்தன்று, உண்டு எழுந்த உறவினர் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்த வருஷம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை அடக்கிய ஒரு வெண்பா முதலில் நிற்கும். ஆண்டுதோறும் திவசம் தவறாதிருக்க அதுவே ஆதாரம். பின்னர் ஊரின் சிறப்பு, வம்ச பரம்பரை, அவர் செய்த கோயில் திருப்பணி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று செய்யுள் வரிசை தொடரும். காலம் செல்லச் செல்ல, தேவாரமும் திருப்புகழும் கந்தரனுபூதியும் சேர்ந்து அது நினைவு மலராக விரிந்தது. ஆகவே தாத்தாவின் பெயரால் அச்சான புத்தகத்தையே பேரன் அந்தி வேளையில் பாராயணம் செய்யவும் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏடுகளும் நூல்களும் சாம்பலான ஒரு நாட்டில், வீட்டு அலமாரிகளில் கிடந்த இப்புத்தகங்கள் ஊர்ச் சரித்திரத்துக்கே சாட்சிகளாயின. ‘நூலகம்’ என்னும் எண்ணிம ஆவணகம் இன்று அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறது.

மணலியின் நிலை வேறு. கர்நாடக சங்கீதத்துத் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார்களின் காலத்தில் சங்கீதத்துக்குப் பெயர் பெற்றிருந்த இக்கிராமம், 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதும் தொழிற்சாலைப் பிரதேசமாக மாறியது. பற்பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் தத்தம் ஊர் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். பொதுவாகப் பால் தெளிப்பும் பதினாறாம் நாள் காரியமும் படையலும் நடக்கும். சுவரில் ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி ஒட்டப்படும். பௌர்ணமிதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசிக்கத் தவறாத பெரியவரானாலும், அச்சுவரொட்டியில் அவருக்குக் கிடைப்பது ஒரு படமும் தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளும் உறவினர் பெயர்களும்தாம். அதுவும் ஒரு மழைக்குத் தாங்காது.

ஆனால், அந்தக் குறையை வடசென்னை இரவில் நிவர்த்தி செய்துகொள்கிறது. பிரேதம் கிடக்கும் இரவிலோ காரியத்தை ஒட்டிய இரவிலோ, டோலக்கும் புல்புல்தாராவும் முழங்கக் கானா என்னும் நாட்டுப்பாட்டைப் பாடுபவர் உட்காருகிறார். இறந்தவர் பார்த்த வேலை, வளர்த்த பிள்ளைகள், போட்ட மாலை, கொடுத்த கை ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, பழகிய மெட்டில் அப்போதைக்கப்போது கட்டிப் பாடுகிறார். அன்னையின் ஈமத்துக்குத் தீ மூட்டிப் பாடியதாகச் சொல்லப்படும் பட்டினத்தாரின் சமாதி, மணலிக்கு அருகே திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. நிலையாமையைச் சாவு வீட்டிலேயே உரத்துச் சொல்லும் தைரியம் இந்தப் பாட்டிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பாடப்படும் திருவாசகம் எல்லாருக்கும் பொது. மணலியில் பாடப்படும் கானாவோ அந்த ஒருவருக்கே உரியது. விடிந்ததும் பாட்டும் போய்விடுகிறது என்பதே இதன் துர்ப்பாக்கியம்.

இவ்விரு முறைகளையும் சோதித்துப் பார்க்க ஏற்றவர், பேரர்களுக்குத் தாத்தாவாகவும் மனைவியின் முதல் கணவர் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு வளர்ப்புத் தந்தையாகவும் வாழ்ந்த மனிதர். வம்சத்தை முதுகெலும்பாகக் கொண்ட கல்வெட்டில், அப்பிள்ளைகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று புலவர் தயங்க நேரும். கானாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை; சோறு போட்டவர் யார், பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் யார் என்பதே அதற்குப் போதும். சாஸ்திரமும் இவ்விஷயத்தில் கருணையற்றதன்று: தகப்பன் வழியில் மூன்று தலைமுறையை முதலில் வைத்தாலும், மகாளயத் தர்ப்பணத்தில் குருவுக்கும் சிநேகிதருக்கும் ஏனைய உறவினருக்கும் காருணிகப் பிதிர்க்கள் என்ற பெயரில் எள்ளும் நீரும் உண்டு. இலங்கையில் தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசை விரதம் காத்துக் காத்தோட்டிக்காய்க் கறியோடு படைக்கிறார்; பெற்றவரை இழந்து ஏற்கனவே அவ்விரதம் பிடிக்கும் மகன், வளர்த்தவரையும் அதே இலையின்முன் நினைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. புலவரை அமர்த்தி அச்சிட வசதி படைத்த குடும்பங்களின் உடைமையாகவே கல்வெட்டு நெடுங்காலம் இருந்தது. குலப்பெருமை பேசுவதற்கு அது வாகனமாகவும் ஆயிற்று. கானாவோ துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர்களின், சொத்து. அதனாலேயே படித்தவர்கள் அதைக் கூச்சல் என்று ஒதுக்கினார்கள். ஆனால் கல்வெட்டை வெறும் குலப்பெருமை என்று தள்ளுவதும் கானாவை வெறும் கூச்சல் என்று தள்ளுவதும் நியாயமல்ல. ஒன்று நிலைக்கத் தெரிந்தது, மற்றொன்று அணைக்கத் தெரிந்தது என்பதே உண்மை.

ஆகையால் மணலி வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: சுவரொட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தாத்தாவின் திதியையும் ஊரையும் வேலையையும், அவருக்காகக் கானா பாடகர் கட்டிய பாட்டையும் நாலு பக்கத்தில் அச்சிட்டுக் காரியத்தன்று கொடுங்கள். யாழ்ப்பாணத்தார் கல்வெட்டில் மக்கள் புலம்பலை எழுதுவிக்கும்போது, பெற்ற பிள்ளைகளோடு வளர்த்த பிள்ளைகளின் பெயரையும் சமமாகச் சேர்க்கட்டும்.