இரட்டைக் கோட்டின் நேர்த்தி

கழுத்தின் கரோட்டிட் தமனியை நீளவாக்கில் காட்டும் அல்ட்ராசவுண்ட் படத்தில் ரசிக்க வேண்டியது, ரத்தம் ஓடும் கருமைக்குக் கீழே இணையாகச் செல்லும் இரண்டு வெள்ளைக் கோடுகள். ரத்தமும் தமனிச் சுவரின் உட்படலமும் சந்திக்கும் இடம் மேல்கோடு. நடுப்படலம் முடிந்து புறப்படலம் தொடங்கும் இடம் கீழ்க்கோடு. இரண்டின் மேல்விளிம்புகளுக்கும் இடைப்பட்ட தூரமே இன்டிமா–மீடியா தடிமன். இத்தாலியைச் சேர்ந்த பாவ்லோ பிக்னோலியும் குழுவினரும் இந்த அளவை 1986-இல் 'சர்க்குலேஷன்' இதழில் விவரித்தனர். ஆரோக்கியமான தமனியில் இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தனை மெல்லிய இடத்தை அளப்பதால், கருவியின் ஒவ்வொரு திருகும் விடைக்குள் நுழைந்துவிடுகிறது.

முதலில் அதிர்வெண். திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது என்று கருவிகள் கணக்கிடுகின்றன. 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.15 மி.மீ.; 5 மெகாஹெர்ட்ஸில் அதுவே இரு மடங்கு. அலைநீளம் கூடினால் கருவி அனுப்பும் ஒலித்துடிப்பும் நீளும்; அது நீளமானால் இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவேதான் அமெரிக்க எக்கோகார்டியோகிராஃபி சங்கத்தின் 2008 பரிந்துரை குறைந்தது 7 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோபைக் கேட்கிறது.

அடுத்தது கெயின், அதாவது எதிரொலியைப் பெருக்கும் அளவு; விஷமமெல்லாம் இங்கேதான். கெயினைக் கூட்டினால் எதிரொலி பளிச்சிடுவதோடு நிற்பதில்லை, உறிஞ்சுதாளில் விழுந்த மைபோல ஊறிப் பருக்கவும் செய்கிறது. புரோபுக்கு அருகிலுள்ள சுவரின் கீழ்விளிம்பு இறங்குகிறது, எதிர்ச்சுவரின் மேல்விளிம்பு ஏறுகிறது. தமனியின் உள்விட்டம் சுருங்கியதாகத் தெரிகிறது. தமனியில் எதுவும் மாறவில்லை, மாறியது படம்தான்.

இந்த இடத்தில் எதிர்ச்சுவரின் சிறப்பு விளங்கும். ஒலி முதலில் தொட்டுத் திரும்பும் மேல்விளிம்பின் இடத்தைப் பெரும்பாலும் திசுவே தீர்மானிக்கிறது. எதிரொலியின் வால் எங்கே முடியும் என்பதை ஒலித்துடிப்பின் நீளமும் கெயினும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எதிர்ச்சுவரில் அளப்பவை இரண்டும் மேல்விளிம்புகள். கெயின் கூடினால் இரண்டும் ஒரே பக்கமாக நகர்வதால் பிழையின் பெரும்பகுதி தன்னால் கழிந்துபோகிறது. அருகிலுள்ள சுவரில் அந்தச் சலுகை இல்லை. அங்கே புறப்படலத்தின் நீண்ட வால் நடுப்படலத்தின் மேல் படிவதால் தடிமன் குறைந்து தெரியும். பொதுக் கரோட்டிட் தமனியின் எதிர்ச்சுவரில், கொழுப்புத் திட்டு இல்லாத 10 மி.மீ. நீளத்தில் அளக்க வேண்டும் என்று இந்த அளவீட்டுக்கான மன்ஹைம் கருத்தொருமிப்பு ஆவணம் சொல்வதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது.

கெயினை மிகவும் குறைப்பதும் தீர்வல்ல. மெலிந்த உட்படலக் கோடு முதலில் அறுபடும், பிறகு மறையும். உள்வெளி கருமையாகவே இருக்க, மேல்கோடு அறுபடாமல் ஓடும் நிலையே நல்ல கைக்கு அடையாளம். படத்தில் காட்டும் எதிரொலி வலிமைகளின் வீச்சான டைனமிக் ரேஞ்சும் இதே கதைதான். அதைச் சுருக்கினால் படம் கறுப்பு வெள்ளையாய்க் கண்ணைக் கவரும், ஆனால் மெல்லிய எதிரொலிகள் பலியாகும். அகலமாக்கினால் சாம்பல் நிறங்கள் பெருகி விளிம்பு மழுங்கும். விளிம்பைக் கூர்மையாக்கும் வசதிகளும் கண்ணுக்கு இதமானவையே. அளவெடுப்பவர் அவற்றை நம்பாதிருப்பது நல்லது.

ஃபோகஸ் எதிர்ச்சுவரின் ஆழத்தில் நிற்க வேண்டும். படம் காட்டும் ஆழமான டெப்த்தைத் தேவைக்கு மேல் விட்டால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும்: 4 செ.மீ. ஆழம் 500 புள்ளிகளில் அடங்கினால் ஒரு புள்ளி 0.08 மி.மீ. ஒற்றை இடத்தில் அளக்காமல் 10 மி.மீ. நெடுகிலும் சராசரி எடுப்பது இந்தக் கரடுமுரடை ஓரளவு தணிக்கிறது. ஒலிக்கற்றை சுவரில் செங்குத்தாக விழாவிட்டால் எந்தத் திருகும் உதவாது. கோடுகள் தேய்ந்து, சாய்வான வெட்டில் சுவர் தடித்துத் தெரியும்.

தமனி துடிக்கும்போது விரிந்து சுவர் மெலிவதால், விரிவதற்குச் சற்று முன், இசிஜியின் ஆர் அலையோடு ஒட்டிய சட்டகத்தையே எடுக்கிறார்கள்.

ஒருவருக்கே சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளக்கும்போதுதான் இவ்வளவு கவனமும் சோதிக்கப்படுகிறது. தடிமன் ஆண்டுக்குக் கூடுவது சராசரியாக 0.01 மி.மீ. அளவில்தான், கெயினின் ஒரு சிறு திருப்பல் அதை விழுங்கிவிடும். விளிம்பைத் தானே தேடும் மென்பொருளும் இதற்கு விலக்கல்ல, அது படிப்பதும் அதே சாம்பல் நிறங்களைத்தான். ஆகவே தேர்ந்தவர்கள் முதல் நாளின் அமைப்புகளைக் கருவியில் சேமித்து, அடுத்த முறை அதே கருவியில், அதே புரோபில், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள்.