கேஸ் கட்டிங்: பக்கத்தில் நின்று பார்த்தது

சுடர்தான் இரும்பை உருக்கி அறுக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுடர் சூடேற்றுவதோடு சரி. இரும்பு 900 டிகிரியை நெருங்கிச் செக்கச்செவேலென்று ஆனதும் கட்டரின் லீவரை அழுத்துகிறார்கள். பாய்கிற ஆக்சிஜனில் இரும்பு தானே எரிந்து, கசடாகிக் கீழே கொட்டுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிடம் இந்த வித்தை பலிக்காது.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சடங்குகள். கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், மெரூன் சிலிண்டர் அசிட்டிலீன். இரண்டும் சங்கிலி போட்டு நிமிர்ந்தே நிற்கும். ரெகுலேட்டரை மாட்டுமுன் மேஸ்திரி ஆக்சிஜன் வால்வை ஒரு கணம் திறந்து மூடுவார். 'புஸ்'ஸென்று தூசி பறக்கும். அசிட்டிலீன் நட்டின் விளிம்பில் வெட்டு இருக்கும், இடப்புறம் திருகினால்தான் இறுகும். மாற்றி மாட்ட வழியே இல்லை. யார் யோசித்தாரோ, நல்ல மூளை! பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் பக்கம் போனால் திட்டு விழும். எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை.

அசிட்டிலீனை லேசாகத் திறந்து ஸ்பார்க் லைட்டரைத் தட்டினால் முதலில் மஞ்சள் தீயும் கரித்தூளும்தான். ஆக்சிஜனைக் கூட்டக் கூட்ட அது சுருங்கி, நாசில் முனையில் சின்னச் சின்ன நீலக் கூம்புகளாக நிற்கும். அதைப் பார்க்கவே போகலாம். ஆனால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள். அசிட்டிலீன் அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு மேல் யார் ஏற்றினாலும் அங்கே நிற்காதீர்கள்.